‘தெரியாமல் போயிற்று’ என்று சொல்லலாமா?

ஏதாவது கேடு நேர்ந்த வீட்டுக்கு விசாரிக்கப் போகிறோம். அங்கே அநேகமாய் நம் காதில் விழும் முதல் வார்த்தை எது? “எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே!” என்பதுதான். நாமும் உடனே, “உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் பேரில் என்ன குற்றம்?” என்று ஆறுதல் சொல்லுகிறோம். அன்பினால் சொல்லும் வார்த்தை அது, சொல்ல வேண்டியதும்தான். ஆனால் அது எப்போதும் உண்மைதானா? தெரியாமல் நடந்த காரியத்துக்கு மனிதன் பொறுப்பாளியா, அல்லவா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. நடந்ததைச் சொல்லுகிறேன், பிறகு நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புயல் இரவு

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, சனிக்கிழமை. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று மாலையிலிருந்து ‘ஃபெஞ்ஜல்’ புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்து போகாமல் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு கொட்டியது என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகர் முதலிய இடங்களில் ஜனங்களை மீட்க ராணுவமே வரவேண்டியதாயிற்று. தெருவில் தண்ணீர் ஏறும்போது அபாயம் கருதி மின்சாரத்தை நிறுத்துவது நியாயமே. எங்கள் தெருவிலும் இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு விளக்குகள் அணைந்தன.

என் தகப்பனாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. நுரையீரல் பலவீனம். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துத் தள்ளிவிட்டுப் பிராணவாயுவை மட்டும் கூட்டித் தரும் ஒரு மிஷின் அவர் கட்டிலருகே எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அது மின்சாரத்தில் ஓடுவது. சுமார் 350 வாட் இழுக்கும். ஆகையால்தான் முன்னெச்சரிக்கையாக மூன்று பாட்டரிகள் வைத்த ஒரு யூ.பி.எஸ். வாங்கி மாடிப்படியின் கீழே வைத்திருந்தேன். “மின்சாரம் போனாலும் நாலு மணி நேரம் தாங்கும்” என்று விற்றவர் சொன்னார். புதிதில் தாங்கியதும் உண்மை. அந்தத் தைரியத்தில், அதுவரை வீட்டில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விளக்கு அணைந்ததும் நான் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பாட்டரிப் படத்தில் ஐந்து கோடுகளும் நிறைந்திருந்தன. “கவலை வேண்டாம் அப்பா, பாட்டரி முழுசாய் இருக்கிறது” என்றேன். அவர் தலையை அசைத்தார்.

இருபத்திரண்டு நிமிஷம். அவ்வளவுதான். நீளமாய் ஒரு கூவல் கேட்டது. பிறகு பெட்டியும் ஓய்ந்தது, மிஷினும் ஓய்ந்தது. இருட்டில் அப்பா மூச்சுக்குத் திணறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு தெரு தள்ளி, நோயாளி இறந்த பின்பும் சிலிண்டரை வைத்திருந்த ஒரு வீட்டைத் தட்டியெழுப்பி, அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். அதற்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. உதடு நீலம் பாரித்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிஷத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன்.

அப்பா பிழைத்தார். மறுநாள் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: “பச்சை விளக்கு எரிந்தது, முழுசாய்க் காட்டியது. உமக்கு எப்படித் தெரியும்?” நானும் அதையே சொல்லிக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாய் இருந்தேன்.

பெட்டி எழுதி வைத்த நாட்குறிப்பு

தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் வந்தார். பெட்டியை மறுபடி உயிர்ப்பித்து, நான் ஒருநாளும் தொட்டிராத ஒரு பொத்தானை நாலைந்து தரம் அமுக்கினார். சின்னத் திரையில் வரி வரியாய் எழுத்துகள் ஓடின. “இதுதான் சார், லாக்” என்றார்.

லாக் என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை. முற்காலத்தில் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். கட்டையின் பெயர் புத்தகத்துக்கு வந்தது. பிற்பாடு காற்று, மழை, விபத்து என்று கப்பலில் நடந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறிற்று. நமது கடற்கரையில் 1836-ம் ஆண்டில் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனையோ மாலுமிகள் தங்கள் புத்தகத்தில் நாளும் நேரமும் குறித்திருப்பார்கள். அதே வழக்கந்தான் இன்றைக்கு இந்தப் பெட்டிக்குள் குடியேறியிருக்கிறது. மின்சாரம் எப்போது போயிற்று, எப்போது வந்தது, பாட்டரி எவ்வளவு நேரம் சுமந்தது, சுமை எப்போது மிஞ்சியது என்று யாரும் கேளாமலே அது எழுதிக்கொண்டிருக்கிறது.

என் பெட்டி இன்னொன்றும் செய்துவந்தது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை, சில விநாடிகள், வீட்டு மின்சாரத்தை விட்டுப் பாட்டரியின் பலத்தில் ஓடி, தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும். இதற்குச் சுயசோதனை என்று பெயர். சோதனையின் முடிவையும் எழுதி வைக்கும். மெக்கானிக் வரிகளைப் படித்தார். ஏப்ரல் வரையில் ‘சோதனை சரி’, ‘சோதனை சரி’ என்றிருந்தது. மே மாதத்தின் நடுவில் ஒரு நாள்: ‘சோதனை தவறியது. பாட்டரியை மாற்றவும்.’ பதினான்கு நாள் கழித்து அதே வாக்கியம். மறுபடியும் அதே வாக்கியம். புயல் வரும்வரை மொத்தம் பதினான்கு தரம்.

“ஒவ்வொரு தரமும் சத்தம் போட்டிருக்குமே சார்?” என்று கேட்டார்.

போட்டது. ‘கீச், கீச்’ என்று கத்தியது. அப்போதெல்லாம் என்ன செய்தேன்? வீட்டில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். அல்லது நான் டெலிபோனில் பேசிக்கொண்டிருப்பேன். எழுந்துபோய்ச் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு வருவேன். பாட்டரியைக் குறிக்கும் ஒரு சின்னச் சிவப்பு அடையாளமும் எரிந்ததாம். தூசி படாமல் இருக்கட்டும் என்று பெட்டியின் மேல் நாங்கள் விரித்திருந்த துணியின் கரை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

என் ஒரு வார நிம்மதி அத்தோடு போயிற்று.

நிறைந்த குடம், குறைந்த தண்ணீர்

ஐந்து கோடும் நிறைந்திருக்க, இருபத்திரண்டு நிமிஷத்தில் எப்படித் தீரும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதைத் தெரிந்துகொள்வது குடும்பஸ்தர் எவருக்கும் பிரயோசனம்.

இந்த வகைப் பாட்டரியை முதலில் செய்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, 1859-ம் ஆண்டில். இரண்டு ஈயத் தகடுகளைத் துணிப்பட்டை இடையில் வைத்துப் பாய்போல் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் முக்கினார். 1881-ல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின்மேல் ஈயப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அடிப்படை இன்றும் அதுவே. மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளின்மேலும் ஈய சல்பேட்டு என்ற வெண்படிவு உண்டாகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் வருஷங்கள் ஆக ஆக, சரியாய்ச் சார்ஜ் ஏறாமல் கிடக்கக் கிடக்க, அந்தப் படிவில் ஒரு பகுதி கல்லாய் இறுகித் திரும்பாமலே நின்றுவிடுகிறது. தகடும் அரித்துப்போகிறது, உள்ளிருக்கும் நீரும் வற்றுகிறது. வெப்பம் இதற்குப் பெரிய சத்துரு. 25 டிகிரிக்கு மேலே ஏறத்தாழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாட்டரியின் ஆயுள் பாதியாய்க் குறையும் என்பது கணக்கு. நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத மாடிப்படியின் கீழே, துணியும் போர்த்தி வைத்தால் எப்படியிருக்கும்?

ஒரு குடத்தில் முக்கால் பாகம் மணல் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் வைத்தால் அது மற்றக் குடங்களைவிடச் சீக்கிரம் நிரம்பும். விளிம்புவரை தண்ணீர் தளும்பும். பார்ப்பவர் ‘நிறைகுடம்’ என்பார். சாய்த்து ஊற்றினால் இரண்டு செம்புகூடத் தேறாது. பாட்டரியின் கோடுகள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று மட்டுமே சொல்லுகின்றன. குடத்தில் எவ்வளவு மணல் என்று சொல்லுவதில்லை. ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்தது, 12.2 காட்டினால் பாதி என்பது பொது விதி. அந்த 12.7-ஐப் புதுப் பாட்டரியும் காட்டும், கிழப் பாட்டரியும் காட்டும். வித்தியாசம் சுமை ஏறும்போதுதான் வெளிப்படும். அதனால்தான் இயந்திர வல்லுநர்கள் கோடுகளைப் பாராமல், சுமையேற்றிச் சோதித்து, கொள்ளளவு எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின் பாட்டரி வேகமாய்ச் சரியும்.

மேலும், என் மூன்று பாட்டரிகளில் முற்றிலும் கெட்டது ஒன்றே ஒன்று. ஆனால் அவை சங்கிலிபோல் தொடராய்க் கட்டப்பட்டவை. ஒன்று தளர்ந்தால் மூன்றும் நின்றுவிடும்.

தெரியாமை மூன்று விதம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது பொய்யா? இல்லை. பாட்டரி கெட்டிருப்பது மெய்யாகவே எனக்குத் தெரியாது. அப்படியானால் நான் குற்றமற்றவனா?

அரிஸ்டாட்டில் என்ற கிரேக்க ஞானி இதை யோசித்து, குடிவெறியில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த ஒரு பழைய சட்டத்தை எடுத்துக் காட்டுகிறார். வெறியில் அவனுக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்தத் தெரியாமையை வருவித்துக்கொண்டவன் அவனே அன்றோ? பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாரும் இந்த விஷயத்தை ஆராய்ந்தார். அவர்கள் காட்டிய வழியில் பார்த்தால் தெரியாமை மூன்று விதமாய் இருக்கிறது.

முதலாவது, எவ்வளவு முயன்றாலும் தெரிந்துகொள்ள இயலாதது. நேற்றுவரை நன்றாயிருந்த பாட்டரி இன்றைக்கு எந்த அடையாளமுமின்றி உடைந்தால், அதற்கு யாரும் பொறுப்பல்ல. இரண்டாவது, முயன்றால் தெரிந்திருக்கும். சோம்பலாலோ வேலைத் தொந்தரவாலோ முயலாமல் விட்டது. இதில் குற்றம் உண்டு. ஆனால் மனிதர் எல்லாருக்கும் பொதுவான குற்றம். மூன்றாவது, தெரிந்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்று அஞ்சி, தெரியாமலே இருக்கட்டும் என்று நாமாக விரும்பி வைத்துக்கொண்டது. இது தெரியாமையின் வேஷம் போட்ட தெரிவு.

நான் எந்த வகை? இரண்டாவது என்று சொல்லிக்கொள்ள ஆசையாயிருக்கிறது. ஆனால் என் மனச்சாட்சி விடுகிறதில்லை. மூன்றாம் தரமோ நாலாம் தரமோ அது கத்தியபோது, ‘பாட்டரி போயிருக்குமோ?’ என்று ஒரு விநாடி தோன்றிற்று. மூன்று புதுப் பாட்டரி என்றால் பெருந்தொகை. மாதக் கடைசி. ‘பார்க்கலாம்’ என்று பொத்தானை அமுக்கினேன். அந்த ஒரு விநாடியில் தெரியாமைக்கு வேஷம் போட்டுவிட்டேன். சத்தத்தை நிறுத்தியதில் பாட்டரிக்கு ஒரு நன்மையும் இல்லை. சௌகரியம் கிடைத்தது எனக்குத்தான்.

சத்தமில்லாதது எல்லாம் சுகமல்ல

இதற்கு நேர்மாறான ஒரு ஆபத்தும் உண்டு. அபாயச் சத்தமே கேளாவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணுவது.

2003-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் ஒரு மின்சாரக் கட்டுப்பாட்டு அறை. பிற்பகல் இரண்டேகால் மணி சுமாருக்கு, அங்கேயிருந்த அபாய அறிவிப்பு முறையே பழுதாகி ஊமையாகிவிட்டது. அது ஊமையானதை அங்கிருந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அறியவில்லை. அதற்குள் உயர் அழுத்த மின்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வெட்டாமல் வளரவிட்ட மரங்களில் பட்டுத் துண்டாகிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து டெலிபோனில் எச்சரிக்கைகள் வந்தன. தங்கள் திரை அமைதியாய் இருந்ததால் அவற்றின் கனம் அவர்களுக்கு விளங்கவில்லை. மாலை நாலேகால் மணிக்குள் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கானடாவின் ஒந்தாரியோவிலுமாகச் சுமார் ஐந்து கோடி ஜனங்கள் மின்சாரமின்றி நின்றார்கள்.

அங்கே ஊமையான அறிவிப்பை நம்பினார்கள். நானோ பேசிய அறிவிப்பை ஊமையாக்கினேன். ஒரு குடும்பத்திலும் இந்த இரண்டும் நடக்கின்றனவே! வாயைத் திறந்து குறை சொல்லும் மனைவியை ‘எப்போதும் இப்படித்தான்’ என்று அடக்கிவிடுகிறோம். ஒன்றும் சொல்லாத வயோதிகத் தாயை ‘அம்மாவுக்கு ஒரு குறையுமில்லை’ என்று விட்டுவிடுகிறோம்.

பொத்தானை அமுக்கியது யார்?

மெக்கானிக் போனபிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழும்பிற்று. பதினான்கு தரத்தில் நான் அமுக்கியது எத்தனை, பிள்ளைகள் அமுக்கியது எத்தனை, என் மனைவி குசினியிலிருந்து வந்து அமுக்கியது எத்தனை? மின்சாரம் வந்துபோன நேரங்களை வைத்து அன்றன்று யார் வீட்டிலிருந்தார்கள் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்துவிட்டோம். கட்டிலிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: “யார் அமுக்கினது என்று கேட்காதீர்கள். இனிமேல் யார் பார்க்கப்போகிறது என்று கேளுங்கள்.”

எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். வீட்டில் எல்லாருக்கும் கேட்கும் சத்தம் யாருக்கும் கேட்காத சத்தமாகிவிடுகிறது. மற்றவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். நடந்ததை எழுதி வைப்பது, அதைக் கொண்டு ஒருவரையொருவர் குத்துவதற்கல்ல. அடுத்த புயலுக்கு முன்னே திருந்துவதற்கே.

எவ்வளவு தூரம் பார்ப்பது?

“அப்படியானால் வீட்டிலுள்ள ஒவ்வொரு யந்திரத்தின் நாட்குறிப்பையும் படித்துக்கொண்டா இருப்பது? பிழைப்பைப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வியாதியே. எனக்குத் தோன்றும் அளவுகோல் இது: அந்தப் பொருளை நம்பி இருப்பவர் யார் என்று பாருங்கள். டெலிவிஷனும் மின்விசிறியும் மட்டுமே அதை நம்பியிருந்தால், கெட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். ஒருவருடைய மூச்சே அதை நம்பியிருந்தால், கெடுமுன்னே பார்ப்பது கடமை. தானே எழுந்துபோய்ப் பார்க்கமுடியாத ஒருவர் நம்மை எவ்வளவுக்கு நம்பிப் படுத்திருக்கிறாரோ, அவ்வளவுக்கு நம் கடமை பெரிது.

ஆகவே, நோயாளியோ முதியவரோ உள்ள வீடுகளுக்குச் சில வார்த்தைகள். பாட்டரி வாங்கிய தேதியைப் பெரிதாய் எழுதி அதன்மேலேயே ஒட்டுங்கள். பெட்டியின் கடிகாரம் சரியாய் இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தப்பாயிருந்தால் அது எழுதும் குறிப்பும் உதவாது. பழைய வரிகளைப் புது வரிகள் அழித்துவிடும். ஆகையால் மாதம் ஒருமுறை அதைப் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மிஷினைச் சோதனைக்கு வைக்க வேண்டாம். அதைச் சுவர் மின்சாரத்திலேயே விட்டுவிட்டு, அதே அளவு சுமைக்கு விளக்கும் விசிறியும் பெட்டியில் மாட்டி, அரைமணி நேரம் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோடுகள் போன மாதத்தைவிட வேகமாய் இறங்கினால் தாமதிக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் பாருங்கள். காற்றோட்டம் விடுங்கள்; துணி போர்த்தாதீர்கள். அது கத்தினால், ஏன் என்று அறிந்துகொள்ளாமல் சத்தத்தை நிறுத்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யந்திரத்தை நம்பிச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் வந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நாலு மணி நேரப் பாட்டரி அங்கே எம்மாத்திரம்? அப்போது நம்மைக் காப்பது பக்கத்து வீடு. எந்த வீட்டில் யார் மூச்சுக்கு மிஷினை நம்பியிருக்கிறார்கள், எங்கே சிலிண்டர் உண்டு என்று உங்கள் தெருவில் யாருக்காவது தெரியுமா? என் தகப்பனார் உயிரோடிருப்பது அந்தத் தம்பிக்கு அது தெரிந்திருந்ததனாலேயே.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நோட்டைப் பார்க்கும் நாள். என் இளைய மகள்தான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறாள்; அப்பா கட்டிலிலிருந்து கேட்கிறார். சென்ற மாதம் அவள் படித்து முடித்ததும், “எல்லாம் சரியா?” என்றார். “சரி, தாத்தா” என்றாள். “கோட்டைப் பார்த்துச் சொல்லுகிறாயா, ஓட்டிப் பார்த்துச் சொல்லுகிறாயா?” என்று கேட்டார்.

“ஓட்டிப் பார்த்துத்தான், தாத்தா.”

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டில் எந்தப் பெட்டி கத்திக்கொண்டிருக்கிறது? இந்த வாரமே ஒருநாள் எழுந்துபோய்ப் பாருங்கள். தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொண்டவனுக்கே, மீதியை நினைத்துத் ‘தெரியாமல் போயிற்று’ என்று சொல்லி அழ உரிமை உண்டு.